பலன் எழுதாத பல்லி

தாண்டிக்குடி இறக்கத்தில்
மூன்று வருடமாய் வெடி ஓய்ந்த
சுண்ணாம்புக்கல் குவாரி. மணி பதினொன்று.
வெடிப்புக்குள் டார்ச்சை நுழைத்தேன்.
கல் கண் திறந்தது:
பிளேடால் கீறியதுபோல் நெட்டுக்கு நிற்கும் பாவை.

"வீட்டுப்பல்லிதானம்மா"
என்றார் காவலாளி அருளாந்து.
இல்லை. இதன் விரலடியில் பட்டை கிடையாது,
வளைந்த நகம் மட்டும்.
முதுகில் மழை அரித்த கல்லின் சொரசொரப்பு,
வயிற்றில் நீற்றிய சுண்ணாம்பு.

தொடைத் துளைகளை எண்ணினேன்.
இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஆறு.
சரிதானா என்று திரும்ப எண்ணும்போது
இன்னொன்று என்மேல் விழுந்து ஓடியது.

"எந்தத் தோள்? எந்தத் தோள்?"
அவர் பதறினார்.
தகரக் கொட்டகைக் காலண்டரின் முதுகில்
எல்லாத் தோளுக்கும் பலன் இருக்கிறது,
இந்தப் பல்லிக்கு இல்லை.

ஒன்று குப்பியில் மிதந்தால்தான்
மற்றவற்றுக்குப் பெயர்.
மூடியைத் திருகித் திறந்தேன்.
சாராய நெடி.
கைக்குள் அதன் தொண்டை அடித்துக்கொண்டது,
ஒரு சொல்லும் சொல்லாமல்.

செவ்வாய்க்கிழமை புது லாரிகள் வருகின்றனவாம்.

வெற்றிலை நரம்பைக் கிள்ளி
சுண்ணாம்பு தடவியபடி கேட்டார் அருளாந்து:
"பேரு வச்சிட்டா வெடி வைக்க மாட்டானா?"

இடப்பக்கம் ஏழு.
வலப்பக்கம்