இடது பக்கம் ஒடித்தால்

ஞானசிகாமணி சார் தன் எழுபத்தொன்றாம் மாடல் அம்பாசடரைக்
கடை வாசலில் நிறுத்தியபோது
ஸ்டேஷன் ரசீது ஒன்றும் சட்டைப்பையில் இருந்தது.
புகார்: தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்கு
முக்குவீட்டு வாசலில் வேண்டுமென்றே ஹாரன் அடிக்கிறார்.
புகார்தாரர் கோமதிநாயகம்.
இரண்டு வீட்டுக்கும் நடுவே அரையடிச் சுவர் ஒன்று
பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் நிற்கிறது.

"நான் அடிக்கலை வே.
இடது பக்கம் ஒடிச்சா அதுவா அடிக்கு."
அவர் தெரு இடது பக்கம்தான்.
ஏரியாவுக்குப் பெயர் சமாதானபுரம்.

பாட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் மற்றப் பேச்சு.
ஹாரன் பட்டனைத் திருகினேன்.
ஸ்பிரிங் துள்ளி எங்கோ ஓடியது.
சீட்டுக்கடியில் அதைத் தேடினதில்
நாலணாவும் ஒரு ஹேர்பின்னும் கிடைத்தன.
ஹேர்பின்னை சார் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஹாரனுக்குக் கரண்ட் எப்போதும் தயாராக நிற்கும்.
அதற்கு வேண்டியது ஓர் எர்த்து.
விரல் அழுத்தினால் அந்த வழி,
வயர் வேறெங்காவது இரும்பைத் தொட்டால் இந்த வழி.
யார் தொட்டது என்று அது கேட்பதில்லை.

புல்லர் போட்டு, சம்மட்டியால் ஒரு தட்டு.
சார் கண்ணை மூடிக்கொண்டார்.
ஸ்டியரிங் கையோடு வந்தது.
காலத்துக்குள் டார்ச் அடித்தேன்.
(நாங்கள் அந்தக் குழாயைக் காலம் என்றுதான் சொல்வோம்.)
துணி சுற்றிய வயர்கள்,
பச்சையும் சிவப்பும் ஒரே காவியாகிப் போய்.
இண்டிகேட்டர் வயரில் எவனோ
டேப்புக்குப் பதில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான்.
கீழே கிளாம்பு கடிக்கிற இடத்தில்
ஹாரன் வயர் தோலுரிந்து
எள்ளளவு செம்பு.
வலது பக்கம் சுற்றினால் விலகி நிற்கிறது.
இடது பக்கம் சுற்றினால் போய் ஒட்டிக்கொள்கிறது.

"இதை எழுதித் தருவீரா?"
எழுதினேன், கடை லெட்டர்பேடில், கோழிக்கிறுக்கலில்:
மேற்படி ஹாரன் தானாக அடித்தது.
குற்றம் வயருடையது, ஓட்டுநருடையது அல்ல.
இப்படிக்கு மைதீன் பிச்சை, ஆட்டோ எலக்ட்ரீஷியன், வண்ணார்பேட்டை.
ரப்பர் ஸ்டாம்பும் வைத்தேன்.

புது வயர், ஸ்லீவ், கிளாம்புக்கு ரப்பர்.
சாப்பிட்டு வந்து பிளாஸ்திரியையும் பிரித்து ஈயம் வைத்தேன்.

ஆறு மணிக்கு ட்ரயல். நான் பக்கத்து சீட்டில்.
முருகன்குறிச்சி தாண்டி, மார்க்கெட் நெரிசல் தாண்டி
இடது இண்டிகேட்டர் போட்டார். மினுக்கியது.
முக்கில் ஒருவர் கேட்டைப் பிடித்து நின்றிருந்தார்,
பனியனும் சாரமுமாக.
வண்டி ஒடிய ஆரம்பித்ததுமே
இரண்டு கையாலும் காதைப் பொத்தினார்.

திரும்பினோம்.
வேப்பம்பழம் டயரில் நசுங்குவதுகூடக் கேட்டது.
கோமதிநாயகம் மெல்லக் கையை இறக்கினார்.
இலை போட்டு வெகுநேரமாகியும்
சோறு வராத பந்தியில் இருப்பவர் மாதிரி முகம்.

சார் அவரைப் பார்த்தார்.
அவர் சாரைப் பார்த்தார்.
பிறகு என் கண்ணெதிரே
ஒரு கட்டைவிரல் நிதானமாக எழுந்து
பட்டன் நடுவில் போய் உட்கார்ந்தது.

நல்ல எர்த்து.
தெருமுனை வரை எடுக்கவில்லை.

பின்னால் கோமதிநாயகம் நடுரோட்டுக்கே வந்துவிட்டார்.
"பார்த்தியளா? பார்த்தியளா?" என்று
தெருவையே கூப்பிட்டார், கிட்டத்தட்ட சந்தோஷமாக.

கூலி முந்நூற்றைம்பது.
சார் ஐந்நூறு கொடுத்துப் பாக்கி வேண்டாம் என்றார்.
அந்தக் கடுதாசியைத் திருப்பிக் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.