முளைப்புச் சோதனை

வெளியே நாற்பத்தேழு.
இரும்புக் கதவுக்கு உள்ளே மைனஸ் இருபது.
நடுவே ஒரு கொக்கியில்
எல்லோருக்கும் பொதுவாய் ஒரு கம்பளிக் கோட்டு,
முழங்கையில் தில் பகதூர் போட்ட தையல்.

அல் கூத்தில் இந்தத் தோட்டத்துக்கு
மரம் பார்க்க வருகிறார்கள்.
நான் பார்ப்பது உறைகளை.
எண், தேதி, எந்த வாடி, எந்தச் சரிவு.
காஃப் என்றிருந்த உறையை
முதல் வாரம் வாய் தவறி வன்னி என்றேன்.
யாரும் திருத்தவில்லை.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை
உறைக்கு ஐம்பது விதை எடுத்து
உயிர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.
சிலது எளிதில் பதில் சொல்லாது.
சமுர் விதைக்கு ஆட்டின் வயிறு வேண்டும்.
ஆடில்லாத அறையில் நான்தான் ஆடு:
உப்புத்தாளில் தேய்த்து
வெந்நீரில் ஓர் இரவு ஊறப்போடுகிறேன்.

(எனக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை
ரத்தம் எடுத்து, நெஞ்சைப் படம் பிடித்து
அட்டை புதுப்பிக்கிறார்கள்.
அது வேறு சோதனை.)

உறை ஆயிரத்து நூற்று எண்பத்தாறு.
பறித்த சரிவில் இப்போது ஆறு வழிச் சாலை.
முதல் சோதனையில் முப்பத்தொன்று முளைத்தது,
அடுத்ததில் எட்டு.
அத்தனை நாற்றும்
சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட
ஒரு ஜூலை வாரத்தில் போயிற்று.
மீதி நூற்றுப் பத்து.

இருக்கிறதா என்று அறியச்
செலவழிக்க வேண்டியிருக்கிறது இருப்பதை.
ரய்யா உறையை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.
பிறகு, ஐம்பது வேண்டாம், பத்து போதும் என்றார்.

பத்தொன்பது நாள் ஒன்றுமில்லை.
இருபத்து மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை,
வடிதாளை நனைக்க நான் மட்டும் வந்திருந்தேன்.
நகக்கண் அளவு வெள்ளையாய் ஒரு வேர்
தாளுக்கு அடியில்
தண்ணீர் இருக்கும் பக்கம் திரும்பியிருந்தது.

ஞாயிறன்று ரய்யா
பதிவேட்டில் எழுதினார்: பத்துக்கு ஒன்று.
பேனாவை மூடினார், திறந்தார்,
மறுபடி மூடினார்.

உறையில் இன்னும் நூறு.
கணக்குப்படி பத்துக்கு உயிர்.
எந்தப் பத்து என்று உறைக்கும் தெரியாது.

சாலைக்காக வெட்டிய கல்லையே
லாரியில் வாங்கி வந்து
தோட்டத்தின் வடக்கு மூலையில்
ஒரு சரிவு கட்டிக்கொண்டிருக்கிறோம்,
ஒரு செடிக்கு.
தில் பகதூர் கல்லைத் திருப்பித் திருப்பி வைக்கிறான்,
வெயில் பட்ட முகம் மேலே வரும்படி.

முளைக்காத ஒன்பதை
அறுபது நாள் வரை எறியக் கூடாது என்பது விதி.
இன்று அறுபத்தொன்று.

தாளை நனைத்து வைத்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.