நாற்பத்தேழு

ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களையும்
முயல் காதுபோல் விரித்து வைத்தேன்.
பேட்டரி புதிது. கூட்டல் குறி பார்த்துப் போட்டது.
மைக்கின் அடிமூடியைத் திருகி
அதன் சின்னக் கண்ணை ரிசீவரின் கண்ணுக்கு எதிரே நீட்டினால்
இரண்டும் ஒரே எண்ணுக்கு ஒத்துக்கொள்ளும்.
அதற்கு முன் காலி அலைவரிசை தேட வேண்டும்.
தேடினேன், பிற்பகல் மூன்று மணிக்கு.
காலியாகத்தான் இருந்தது.
மாலையில் பக்கத்தில் யார் குடிவருவார் என்று
கேட்காமல் வாடகை பேசிவிட்டேன்.

புந்தா அரேனாஸ். ஏப்ரல்.
நீரிணையிலிருந்து வந்த காற்று
தீயணைப்பு நிலையத்தின் தகரக்கூரையைப் பெயர்த்துப் பார்த்து
வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனது.
புது ஏணிக்குப் பணம் திரட்ட பிங்கோ இரவு.
முதல் பரிசு உரித்த ஆட்டுக்குட்டி, முழுசாக.
இரண்டாம் பரிசு மின்கெண்டி.
நூற்றிருபது பேர். மேசைதோறும் கிண்ணத்தில் மொச்சை,
எண் வந்தால் அட்டையில் ஒன்று வைக்க.

எண் கூப்பிடுகிறவர் உலிசஸ் பார்ரியா.
வலைத்தலையைப் பொத்திப் பிடித்தார். ஊளையிடும் என்றேன்.
அடியைப் பிடித்தார். ஆன்டெனா அங்கே என்றேன்.
"எங்கேதான் பிடிக்கட்டும், டானிட்சா?"
நடுவில். ஒருவர் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல்.
பிடித்துக்கொண்டு
"இருபத்திரண்டு! இரண்டு வாத்துக்குஞ்சு!" என்றார்.
சிரித்தார்கள், எப்போதும் சிரிப்பதுபோல்.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்தேன்.
தேநீர் உறிஞ்சும்போதெல்லாம் சிக்கனக்காரர்
சுவிட்சையே அணைத்தார்.
மியூட் என்றால் வாய்மூடி நாற்காலியில் இருப்பது.
அணைத்தால் நாற்காலி காலி.

காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தது
சுவருக்கு அப்பால் ஜெபக்கூடத்தின் மைக்.
அதே கம்பெனி. அதே எண்.
ஒரு பெண் குரல்,
பின்னால் ஆளில்லாத பெஞ்சுகளின் எதிரொலி.
"நாற்பத்தேழு" என்றாள்.

கைகள் அட்டைகளில் தேடின.
மொச்சைகள் விழுந்தன.

"நாற்பத்தேழு வருஷம் அவனோடு, ஆண்டவரே.
அவன் குறட்டையை வெறுத்தேன்.
இப்போது தூக்கம் வரவில்லை."

"பிங்கோ!" என்று பின்வரிசையில் கத்திவிட்டான் ஃபெர்மின்.
தூக்கிய கையை எங்கே இறக்குவதென்று தெரியாமல் நின்றான்.

உடனே ஃபேடரை இறக்கினேன் என்றுதான்
எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.
இல்லை. தூக்கம் வரவில்லை என்பதுவரை விட்டேன்.
அவ்வளவு சுத்தமான ஒலி.
வெட்டக் கை வரவில்லை என்பது
என் தொழிலில் செல்லுபடியாகும் ஒரு சாக்கு.

பிறகு வேறு அலைவரிசை, மறுபடி கண்ணோடு கண்.
இருபது விநாடி வேலை.
ஃபெர்மினின் நாற்பத்தேழு செல்லுமா என்று
இரண்டு மேசைகள் சண்டை போட்டன.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
அவள் அணைத்திருந்த நேரங்களில்
அங்கே என்ன கேட்டிருக்கும்?

கதவு திறந்தது. முதலில் காற்று,
மேசைத்துணிகளைத் தூக்கிக்கொண்டு. பிறகு அவள்.
கறுப்புக் கம்பளிக் கோட்டு. கையில் மைக்,
பச்சை விளக்கு எரிந்தபடி.
சரியாக நடுவில் பிடித்திருந்தாள்.

"வாத்துக்குஞ்சு என்றது யார்?"

உலிசஸ் எழுந்து நின்றார், தேநீர்க் கோப்பையோடு.

"ஆராதனைக்கு முன் மைக்கைச் சோதிப்பது என் வேலை.
சோதிக்கும் சாக்கில் ஓர் அடையாளம் கேட்டேன்.
அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
இரண்டு வாத்துக்குஞ்சு என்று பதில் வந்தது.
வெகுநேரம் யோசித்தேன், ஐயா,
அதற்கு என்ன அர்த்தம் என்று."

யாரும் சிரிக்கவில்லை, அவள் சிரிக்கும்வரை.

யாரோ நாற்காலி நகர்த்தினார்கள்.
அட்டை ஒன்று கொடுத்தார்கள், மொச்சைக் கிண்ணம் ஒன்று.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
எண்களை மெதுவாகப் படித்தாள்.

"நாற்பத்தேழு வந்தாயிற்றா?" என்றாள்.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது.
நான் ரிசீவரைப் பார்த்தேன்.

"வந்தாயிற்று, வந்தாயிற்று" என்றான் ஃபெர்மின்.
அவனுக்கு ஆட்டுக்குட்டி வேண்டும்.