டபுள் விசில்

முதுகில் இரண்டு பட்டைகள்.
மேலே ஒட்டியது சில்லென்றது,
கீழே ஒட்டியதைப் பர்வீன் சொல்லித்தான் தெரியும்.

பதினேழு வருடம் 29சி-யில் கண்டக்டர்.
படியில் முப்பது பேர் தொங்கினாலும்
டபுள் விசில் கொடுத்தால் டிரைவருக்குக் கேட்கும்,
வண்டி நகரும்.
அயனாவரம் திருப்பத்தில்
அதே படியிலிருந்து விழுந்த நாள்முதல்
ஊதிக்கொண்டே இருக்கிறேன்.
முன்சீட்டில் ஆள் உண்டா என்பதே சந்தேகம்.

பர்வீன் குமிழைத் திருகினாள்.
தொடை துள்ளியது, யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி.
"இது கரண்ட் வேலைண்ணா, சந்தோஷப்படாதீங்க."
துள்ளல் அடங்கும்வரை குறைத்து
அங்கேயே நிறுத்தினாள்.
"டிரைவர் இப்ப அரைத்தூக்கம். நீங்க ஊதுங்க."

ஊதினேன்.
கே.கே. நகர் சிக்னலில் ஆட்டோக்கள் கத்தின.
குணவதி டோக்கன் சீட்டை
மடிக்க இடமில்லாத அளவுக்கு மடித்திருந்தாள்.
ஊதினேன்.

வலது பெருவிரல்
நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டவனைப் பார்ப்பதுபோல்
வேண்டாவெறுப்பாய்
ஒரு தடவை நிமிர்ந்து
படுத்துக்கொண்டது.

குணவதி பார்த்தாள். பர்வீன் நோட்டில் குறித்தாள்.
இன்னொன்று வரவில்லை, அரைமணி ஊதியும்.

"மீதி நாளைக்கு" என்று வயரைச் சுருட்டினாள்.

மீதி இறங்கும்போது என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
வாங்க மறந்து இறங்கிப்போனவர்களின்
முகங்கள் ஒவ்வொன்றாய்
படியேறி வந்தன.