உரிமையாளர் பெயர்

ஆறு நாள் கன்று. கிடேரி.
நேற்று சாயங்காலம் ஒரு துள்ளு துள்ளியதாம்,
அப்படியே முன்கால் மடிந்து விழுந்ததாம்.
ஒடுகத்தூரிலிருந்து நான் பைக்கில் வருவதற்குள்
கண்ணோரம் எறும்பு வந்திருந்தது.

அறுத்துப் பார்க்கணும் என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
படிவத்தைத் தொடையில் வைத்து
உரிமையாளர் பெயர் கேட்டேன்.
"வேண்டா."
எடுத்த கத்தியை உறையில் போட்டேன்.
"எம் பேரு சார் அது.
நாலாவதும் பொண்ணுன்னு வெச்சது.
நீ அறு."

நான் தெற்கத்திக்காரன்.
இந்தப் பக்கம் இப்படியும் பெயருண்டு என்று
கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

தொடையைக் கீறினேன்.
சிவப்பாய் இருக்கவேண்டிய சதை
வேகவைத்த கோழிபோல் வெளுத்துக் கிடந்தது.
இதயத்தில் சுண்ணாம்புக் கோடுகள்,
விரலால் தொட்டு இழுத்தாற்போல்.
பால் குடிக்கக்கூட நாக்கில் வலுவில்லையாம்;
சீசாவில்தான் ஊற்றியிருக்கிறாள்.

கொட்டகையில் தாய்ப்பசு.
பொய்கைச் சந்தையில் பிடித்தது, குழுக்கடன்.
நஞ்சுக்கொடி பாதி இன்னும் உள்ளே.
மூங்கில் இலை போட்டுப் பார்த்திருக்கிறாள்,
விழவில்லை. நாற்றம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னா நோவு சார்?"
செலினியம் என்று நினைக்கிறேன்.
"பூச்சியா?"
பூச்சியில்லை. இருந்து கெடுப்பதில்லை,
இல்லாமல் கெடுப்பது.
ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு
கல்லுப்பை நொறுக்கினால் நகத்தில் ஒட்டுமே, அதைவிடக் குறைவு.
கூடிப்போனால் அதுவே விஷம்.
மண்ணில் குறைந்தால் வைக்கோலில் குறையும்,
வைக்கோலில் குறைந்தால் சினைமாட்டில்,
அப்புறம்...
கன்றைக் கைகாட்டினேன்.

ஈரல் துண்டைப் புட்டியில் அடைத்து
சந்தேகம் என்ற கட்டத்தில் எழுதினேன்.
தீவனம்?
"வைக்கல்தான். நம்ம கழனி வைக்கல்.
புண்ணாக்கு விக்கிற வெலைல..."
வைக்கோல் மட்டும் என்று எழுதினேன்.

பசுவின் எடையைக் கயிற்றால் அளந்து
இரண்டு முறை கணக்குப் போட்டு
ஊசி ஏற்றினேன்.
தாது உப்புக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
அதை நாலாய் மடித்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்,
வாங்குவாளா தெரியாது.

கைகழுவச் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள்.
முழங்கை வரை ரத்தம்; சோப்பு நுரை
இளஞ்சிவப்பாய் ஓடி வரப்பில் இறங்கியது.
ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
"ராத்திரில எனக்கும் காலு நிக்க மாட்டேங்குது சார்.
அந்த வைக்கல் வெளஞ்ச நெல்லதான
நாங்களும் துன்றோம்?"

பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றேன்.
சொம்பு காலியான பிறகும்
சாய்த்தபடியே பிடித்திருந்தாள்.
என் படிவத்தில்
இனம், வயது, நிறம், கொம்பு,
எல்லாவற்றுக்கும் கட்டமிருந்தது.