இடப்பக்கம்

பால் வெள்ளை, ஒரு புள்ளி கிடையாது.
மூக்கு ரோஸ். கண் தேன்.
நெஞ்சுக்கூடு இறங்கி வயிறு மேலேறும் அந்த வளைவைத்
தடவிப் பார்த்தவர்கள் எல்லாம்
ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள்.
சான்றிதழில் அவனுக்கு மூன்று தலைமுறைப் பெயர் உண்டு,
எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் யாருக்கும் தெரியாது.
கூப்பிடுவது உப்பு என்று.

எர்ணாவூர் தணிகைவேல் மூன்று முறை வந்தார்.
பல்லைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார்,
வாலுக்குக் கீழே குனிந்து
இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார்.
"குணம் எப்படி?"

நான்தான் சொன்னேன், பெருமையாக:
எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரி,
நின்ற இடத்திலிருந்தே ஹாரன்,
ஜன்னல் சட்டம் அதிரும்,
இவன் வலப்பக்கம் சாய்ந்து படுத்தானென்றால்
விடியும்வரை அசையமாட்டான்.
அவ்வளவு நிதானம்.

ஐயாயிரம் முன்பணம் வைத்தார்.
மீதி ஏழு, மல்லிக்குப் பதினொன்றாம் நாள்.

நிதானம் என்ற அந்தச் சொல்
இரண்டு நாள் தொண்டையில் வஞ்சிர முள்ளாக நின்றது.

மூன்றாம் நாள் அவன் தின்றுகொண்டிருக்கையில்
பின்னால் போய்ச் சாவிக்கொத்தை ஆட்டினேன்.
வலப்பக்கம் ஆட்டினால் வலப்பக்கம் திரும்பினான்.
இடப்பக்கம் ஆட்டினேன்.
அப்போதும் வலப்பக்கமே திரும்பி
அங்கே என்னைத் தேடினான்.

வேப்பேரியில் மண்டையில் கம்பி வைத்தார்கள்.
ஒரு காதுக்குத் திரையில் அலை எழுந்தது.
இன்னொன்றுக்கு,
காற்றில்லாத நாளில் பக்கிங்காம் கால்வாய்.
"இவனுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா வாழ்வான்,"
என்றார் டாக்டர் ஹேமலோசனி.
"இணை மட்டும் சேர்க்காதீங்க."

எனக்கும் ஒரு காதுதான்.
பத்தொன்பது வருஷம்
நசுங்கிய கன்டெய்னருக்குள் நின்று தட்டி நிமிர்த்தியதில்
வலது போயிற்று.
ரெஜினா என்னைத் திட்டவேண்டுமென்றால்
அந்தப் பக்கம் வந்து நின்றுகொள்வாள்.
நானும் உப்பும் சேர்ந்து நடந்தால் ஒரு முழு ஆள்.
ஆனால் என் செவிடு சம்பளத்தோடு வந்தது.
என் பெண்கள் இரண்டு பேருக்கும்
பக்கத்து வீட்டு மிக்ஸியில் என்ன அரைக்கிறார்கள் என்றுகூடக் கேட்கும்.
இவனுடையது அந்த வெள்ளையோடு வந்தது,
அந்த ரோஸ் மூக்கோடு,
எதைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்களோ
அதற்குள்ளேயே உட்கார்ந்து வந்தது.

"பேப்பர்ல காதுக்குன்னு கட்டம் இருக்கா மாமா?"
மச்சான் ரூஃபஸ்.
"இல்லல்ல? யாரு கேக்கப் போறா?"
ஷேர் ஆட்டோ டியூ அவனுடையது,
கையெழுத்து என்னுடையது.

எட்டுக் குட்டி போடும் என்று வைத்துக்கொண்டேன்.
அதில் ஒன்றுக்கு இரண்டு காதும் இல்லை.
மணலியில் ஏதோ ஒரு யார்டில்
பின்வாங்கும் டேங்கருக்கு முதுகைக் காட்டி அது தூங்கும்,
நிதானமாக.

பதினொன்றாம் நாள்
மல்லியை ஆட்டோவிலேயே கூட்டிவந்துவிட்டார்.
வாசம் பட்டு உப்பு கதவைப் பிறாண்டினான்.
அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.
நாலாயிரத்து அறுநூறை நீட்டினேன்,
நானூறு வேப்பேரியில் போயிற்று, சனிக்கிழமை தருகிறேன் என்றேன்.
காரணத்தையும் சொன்னேன்.
சொல்லி முடிக்கும்வரை அவர்
கதவிடுக்கில் தெரிந்த அந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஒரு காதுதானே," என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இவன்கூடப் பொறந்தவன் ஒருத்தன் காலடிப்பேட்டைல இருக்கான் இல்ல?"

ஆட்டோ திரும்பிற்று.

சனிக்கிழமை நானூறைக் கொடுக்கப் போகிற வழியில்
காலடிப்பேட்டையில் அந்த கேட்டின் முன்னால் நின்றேன்.
அதே வெள்ளை. அதே வளைவு.
வலப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தான்.
சாவியை எடுத்து ஆட்டினேன்.
அந்நேரம் பார்த்துப் பின்னால் ஒரு லாரி.

தலையைத் தூக்கினான்.
எதற்கென்று தெரியவில்லை.