இருபதில் ஏழு

கவுன்சலிங் மேடம் கொடுத்த தாளில்
பத்து வழிகள் இருந்தன.
முதல் வழி: கண்களை மூடி ஆழ்ந்து மூச்சு விடவும்.
விட்டேன்.
நாலு பேரின் ஈரத் துணி,
யாரோ மூடாமல் வைத்த எலுமிச்சை ஊறுகாய்,
நேற்றைய கொசுவத்தி.
இரண்டாம் மூச்சை இழுக்காமல்
ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

வியாழக்கிழமை பாய்ம இயக்கவியல்.
மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.
போன முறை இருபத்தெட்டு.
யாரும் கேட்காமலேயே
சொந்த ஊர் பெயரைச் சொல்வதுபோல
அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்
இப்போதெல்லாம்.

தில்ஷாத் ஸ்கூட்டி சாவியை ஆட்டினாள்.
"ஆறரைக்குள்ள கேட்டுக்குள்ள இருக்கணும். வர்றியா?"
எங்கே என்று நான் கேட்கவில்லை,
அவளுக்கும் தெரிந்திருக்காது.
அஸ்தம்பட்டி, கோரிமேடு,
பிறகு அடிவாரம்,
பிறகு வண்டி தானாகவே மூக்கைத் தூக்கியது.

மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
எண் எழுதி வைத்திருக்கிறார்கள்.
ஒன்று, கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் இருபது.
எனக்கு அது விடைத்தாளாகத்தான் தெரிந்தது.
இருபதில் ஒன்று: இதெல்லாம் ஒரு பதிலா?
இருபதில் இரண்டு: அப்பாவை வரச் சொல்.
சத்தமாகவே படித்துவிட்டேன் போல.
தில்ஷாத்தின் முதுகு குலுங்கியது.
இருபதில் மூன்று: படம் நன்று, கணக்கு இல்லை.
இருபதில் நான்கு, என்று அவள் கத்தினாள்,
கையெழுத்துக்கு மட்டும் நான்கு!
எதிரே இறங்கிய ஏற்காடு பஸ்
எங்களை ஒதுங்கச் சொல்லி நீளமாய் அலறியது.

ஏழில் ஸ்கூட்டி இருமி நின்றுவிட்டது.
"சூடாயிடுச்சு. ஆறட்டும்."
இருபதில் ஏழு.
எந்தக் கணக்கில் பார்த்தாலும் தோல்விதான்.
கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தோம்.

கீழே சேலம் முழுசும் கிடந்தது.
வெள்ளைக்கல் குவாரியின் சாம்பல் வெளுப்பு,
மூக்கனேரித் தண்ணீரில் புள்ளி புள்ளியாய்த் திட்டுகள்,
ஜங்ஷனை விட்டு நகரும்
ஏதோ ஒரு ஊருக்கான ரயில்.
நம்ம காலேஜ் எங்கே என்றேன்.
அந்த நீலத் தொட்டி, என்றாள்.
அது ஜவ்வரிசி ஆலை, என்றேன்.
இல்லடி, பக்கத்துல பார், அந்த நீளக் கட்டடம்.
அது கல்யாண மண்டபம்.
ஹாஸ்டல் மொட்டை மாடியில
துணி காயுதான்னு பார்.
எல்லா மாடியிலும் துணி காய்ந்தது.
பிடிவாதமாய்த் தேடினோம்,
ஒருத்தி சொன்னதை ஒருத்தி மறுத்து,
விரலை நீட்டி, தலையோடு தலை ஒட்டி.
கிடைக்கவே இல்லை.
இரண்டு வருடமாய் என்னை
இப்படிப் போட்டு அழுத்திய கட்டடம்
எதுவென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒரு குரங்கு வந்து எங்களைச் சோதித்தது.
ஒன்றும் தேறாது என்று போய்விட்டது.

இறங்கும்போது எண்கள் குறைந்துகொண்டே வந்தன.
அதைப் பற்றி இருவருமே எதுவும் சொல்லவில்லை.

அஸ்தம்பட்டி முனையில் தட்டுவடை செட்டு.
வண்டிக்காரர் வடைமேல் வடை வைத்து
நடுவில் துருவிய பீட்ரூட்டும் வெங்காயமும் அடைத்து
பச்சை, சிவப்பு என்று சட்னியால் பூசியபோதே
மணி ஆறேகால்.
கடித்தால் காதுக்குள் கல் உடைந்தது.
வேறெந்தச் சத்தமும் உள்ளே வர வழியில்லை.
விரல் துடைக்கத் தாள் தேடினேன்.
பையில் இருந்தது பத்து வழிகள்தான்.
ஐந்து முதல் எட்டு வரை சட்னியாயிற்று.
மிச்சத்தை மடித்து வைத்துக்கொண்டேன்,
மேடம் நல்லவர்.

ஆறு நாற்பத்திரண்டு.
தாமதப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
தில்ஷாத் 'பஞ்சர்' என்று எழுதினாள்.
அதற்குக் கீழே நான்
'மேற்படி' என்று எழுதினேன்.
வார்டன் ஸ்கூட்டியைப் பார்க்கவில்லை,
எங்கள் உதட்டுச் சிவப்பைத்தான் பார்த்தார்.

இரவு பெர்னூலியைத் திறந்தேன்.
வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று இருந்தது.
முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும்.
அடுத்த வரிக்குப் போகவில்லை,
தூங்கிவிட்டேன்.

காலையில் பார்த்தால்
புத்தகத்தை மூடி, நடுவில் ஹேர்பின் செருகி,
விளக்கையும் அணைத்திருக்கிறார்கள்
யாரோ.